ஆறு ஓட்டைப் படகு

படகப் பாக்கத்தான வந்தீங்க? ராய்ஸ்டன் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டான், வேம்பாருல இருந்து ஒரு அம்மா வருவாங்கன்னு. நெழலுக்கு வாங்க தங்கச்சி. ரெண்டு பஸ்சு மாறி வந்திருப்பீங்க, அந்தக் கட்டையில உக்காருங்க. படகு எங்கயும் ஓடிராது. அந்தா மணல்ல கவுத்துப் போட்டுருக்கு பாருங்க, ஆரஞ்சுக் கலரு, அதுதான்.

பூவரசு மரத்து மூட்டுல உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரர், இஞ்ஞாசி. அவருகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். இடது காது சுத்தமாக் கேக்காது, வலது காது ஏதோ பேருக்கு இருக்கு. எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க. பால்வாடியில பதினெட்டு வருஷமா ஆயாவா இருக்கேன். பேச்சு வராத புள்ளைக்கு வயித்து வலியா பல்லு வலியான்னு மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். இவருக்கும் நாலு வருஷமா நாந்தான் பேசுதேன்.

உங்க வீட்டுக்காரருக்கு என்ன? முதுகுல ஆபரேசனா. பாவம். அப்போ வல்லத்துல நின்னு வல இழுக்க முடியாது. உக்காந்த எடத்துல இருந்து தூண்டி போடணும். சரி, அப்போ சரியான சாமானத்தான் பாக்க வந்திருக்கீங்க. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிருதேன். நான் எதையும் மறைச்சுப் பேசுத ஆளு இல்ல.

எங்க வீட்டுக்காரரு சங்குக்குப் போனவரு. சங்கு எடுக்க முங்குவாங்க இல்லியா, கம்ப்ரசர் ட்யூப வாயில வச்சுக்கிட்டு, அந்த வேல. இருபத்திரண்டு வருசம் பாத்தாரு. ஒரு நாளு அடியில இருக்கும்போது காதுக்குள்ள என்னமோ வெடிச்ச மாதிரி இருந்திருக்கு. மேல வந்தப்போ ரெண்டு காதுலயும் ரத்தம். ஆஸ்பத்திரியில, காது போனது மட்டும் இல்ல, ஒடம்ப நேரா நிறுத்துறது காதுக்குள்ளதான் இருக்கு, அதுவும் போச்சுன்னாங்க. அன்னையில இருந்து மனுசன் நடந்தா ஆடுவாரு. செவுத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு. கண்ண மூடுனா விழுந்திருவாரு.

ஊர்ல என்ன சொல்லுவாங்க? காலையிலயே போட்டுட்டு வாரான் பாருன்னு சொல்லுவாங்க. வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல தங்கச்சி, அவங்க அப்பா குடிச்சே அழிஞ்சதப் பாத்தவரு. ஒரு தடவ தூத்துக்குடி போற பஸ்சுல கண்டக்டரு, குடிச்சுட்டு ஏறாதய்யான்னு பாதி வழியில எறக்கி விட்டுட்டான். அதுக்கப்புறம் வெளியவே போகல. நான் பால்வாடிக்குப் போகும்போது எந்த எடத்துல உக்காந்திருப்பாரோ, திரும்பி வரும்போது அதே எடத்துல இருப்பாரு. வச்சுட்டுப் போன காப்பி ஆறிப் போயி ஆட கட்டி இருக்கும். எனக்கு அந்த டம்ளரப் பாத்தாலே வயித்தெரிச்சலா வரும். மூணு வருசம் தங்கச்சி. மூணு வருசம் ஒரு மனுசன் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தா வீட்டுல இருக்கவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் ராய்ஸ்டன் இந்தப் படகக் கொண்டு வந்தான். இவரோட அக்கா மகன். ஏதோ ஒரு ரிசார்ட்டுல படகு ஓட்டிக்கிட்டு இருந்தான், அத மூடிட்டாங்க, இருந்ததுல ஒண்ண வாங்கிட்டு வந்துட்டான். கயாக்குன்னு பேரு. உள்ள எறங்கி உக்காருறது இல்ல, மேல உக்காருறது. நல்ல அகலம். மாமா, இது ஆடாது, நீங்க ஆடுனாலும் இது ஆடாதுன்னு சொல்லிச் சிரிச்சான். வயசுப் பய, வாயில வந்ததப் பேசுவான்.

எடையக் கேக்கீங்களா? முப்பது கிலோ இருக்கும். தண்ணி வரைக்கும் இழுத்துட்டுப் போக ஒரு ஆளு வேணும். ஒத்த ஆளா முடியும், ஆனா முதுகு ஆபரேசன் பண்ணவரு இழுக்கக் கூடாது, நீங்கதான் இழுக்கணும். அத இப்பவே மனசுல வச்சுக்கோங்க. முதுகுக்குச் சாய்மானம் இருக்கு, அது நல்ல வசதி. பின்னால மீன் பொட்டி வைக்க எடம் இருக்கு, தூண்டிக் கம்பு சொருக ரெண்டு குழி இருக்கு. துடுப்பு ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் தட்டு வச்சது. வேகம்லாம் எதிர்பாக்காதீங்க, எரும மாதிரிதான் போவும். எதுத்துக் காத்தடிச்சா கை கழண்டுரும். வெயிலுக்கு மறைப்பு ஒண்ணும் கெடையாது.

அவன் கொண்டாந்த அன்னைக்கு நான் பால்வாடியில இருந்தேன். வந்து பாத்தா மாமனும் மருமகனும் தண்ணிக்குள்ள நிக்காங்க. இவர மேல உக்கார வச்சுட்டான். நான் போயி எட்டிப் பாக்கேன், அடியில ஓட்ட. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆறு ஓட்ட. காலு வைக்குத எடத்துல, உக்காருத எடத்துக்குப் பின்னால, மேலருந்து கீழ வரைக்கும் ஊடுருவிப் போவுது, கட்டை விரலு நொழையும். இவரு உக்காந்ததும் அந்த ஓட்ட வழியா தண்ணி மேல பொங்கி வருது. காலெல்லாம் தண்ணி. ஓட்டப் படகத் தலையில கட்டிட்டானேன்னு நெனச்சேன்.

ராய்ஸ்டன் அதுக்குள்ள வண்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டான். நான் இவருகிட்ட கேட்டேன், இது என்ன கூத்துன்னு. அது அப்படித்தான், அது இருக்கட்டும், அடைக்காதன்னு சொன்னாரு. தண்ணி வந்த வழியாவே எறங்கிப் போயிரும், கட்டுமரத்துல தண்ணி ஏறி எறங்காதா, அந்த மாதிரின்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒங்களுக்குக் காதே கேக்காது, அவன் சொன்னதுல நீங்க என்னத்தக் கேட்டீங்களோன்னு சொல்லிட்டேன். மறுபடியும் ஒரு தடவ சொன்னாரு, அமலோற்பவம், வேண்டாம் விட்டுருன்னு. நான் அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.

நான் பொறந்தது உப்பளத்துப் பக்கம் தங்கச்சி. எங்க அப்பா கடலுக்குப் போனதில்ல, கட்டுமரத்துல நான் காலு வச்சதில்ல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், ஓட்ட இருந்தா அடைக்கணும். பானையோ கூரையோ படகோ. வீட்டுல பிஞ்சு போன ரப்பர் செருப்பு நாலஞ்சு கெடந்துச்சு. அத வட்டம் வட்டமா வெட்டித் தக்கை செஞ்சு, மேலயும் கீழயும் இறுக்கி அடிச்சேன். கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன மெழுகுதிரி ஒரு டப்பா வச்சிருந்தேன், அத உருக்கி ஊத்துனேன். பாத்தா ஓட்ட இருந்த எடமே தெரியல. அவ்வளவு சுத்தமா செஞ்சேன். இவரு பாத்துக்கிட்டே இருந்தாரு.

அதோட விட்டேனா? படகு கவுறுமா கவுறாதான்னு பாக்கணும்ல. இவர வச்சுப் பரிச்ச பாக்க முடியுமா? பொம்பளைங்க வல்லத்துல காலு வைக்கக் கூடாதும்பாங்க எங்க ஊர்ல. இது வல்லம் இல்ல, பிளாஸ்டிக்குன்னு சொல்லிட்டு நானே ஏறிட்டேன். பக்கத்து வீட்டு தெரேசம்மாள இழுத்துக்கிட்டேன், அவ என்னப் போல ரெண்டு பங்கு. இடுப்பளவு தண்ணியில ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்தோம். கவுறல. ஒரு பக்கமா சாஞ்சோம். கவுறல. நான் எழுந்து நின்னு இவரு நடக்குத மாதிரியே ஆடிப் பாத்தேன். இப்படி, இப்படி. கரையில நின்ன சனமெல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது. சிரிக்கட்டும். எனக்கு என் காரியம். பூவரசு மூட்டுல இவரும் இருந்தாரு. இவரு சிரிச்சாரான்னு நான் பாக்கல.

படகு பாஸ் ஆயிருச்சுன்னு நாந்தான் சொன்னேன். கொளம் மாதிரி கெடந்த தண்ணியில பாத்துட்டு சொன்னேன்.

சாமியாரு வந்து தீர்த்தம் தெளிச்சாரு. மறுநாளு காலையில இவரு போனாரு. தங்கச்சி, அத எப்படிச் சொல்லுவேன். கரையில என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் தண்ணி வரைக்கும் வந்தாரு. ஏறி உக்காந்து துடுப்பக் கையில எடுத்ததும் ஆளே வேற. முதுகு நேராயிருச்சு. தல ஆடல. தரையில ஆடுன மனுசன் தண்ணியில ஆடாம உக்காந்திருக்காரு. எனக்கு அழுக வந்துருச்சு. நான் எதுக்கும் லேசுல அழுகுத ஆளு இல்ல.

ரெண்டு மாசம் போனாரு. வாடைக் காத்து அடங்குன நேரம், கடலு தட்டையா கெடந்துச்சு. விளமீனு கொண்டு வருவாரு, கணவாய் கொண்டு வருவாரு. ஒரு நாளு கையளவு பாறை மீனு ஒண்ணு கொண்டாந்து தெரேசம்மா வீட்டுக்குக் குடுக்கச் சொன்னாரு, பரிச்ச பாத்த கூலின்னு. நாலு வருசத்துல அவரு சொன்ன மொத வேடிக்க அதுதான். வந்தா டவுசரு நனைஞ்சிருக்காது. பாத்தீங்களா, நான் அடச்சதுனாலதான ஈரம் இல்லன்னு அவருகிட்டயே சொல்லிக் காட்டுவேன். ஆமான்னு தலையாட்டுவாரு. தூரமா போகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். கரையில நின்னு செவப்புத் துண்டக் காட்டுனா திரும்பிரணும். திரும்பிருவாரு. பால்வாடிப் புள்ளைங்க கூட அப்படிச் சொன்ன பேச்சு கேக்காது.

அப்புறம் மேக்க இருந்து அடிக்குத கச்சான் காத்து ஆரம்பிச்சுது. அன்னைக்கு காலையில காத்து இல்ல, பத்து மணிக்கு மேலதான் எழும்புச்சு. நான் பால்வாடியில புள்ளைங்களுக்கு சத்துமாவு உருண்டை புடிச்சுக்கிட்டு இருந்தேன். அல படகுக்கு மேல ஏறியிருக்கு. ஏறுன தண்ணி எறங்கிப் போகணும். எங்க போகும்? ஆறு வழியும் நான் அடச்சு வச்சிருக்கேன். கால் வைக்குத பள்ளம் நெறஞ்சு, உக்காருத எடம் நெறஞ்சு, அந்தத் தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டிருக்கு. மீன் பொட்டியும் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. அல ஒண்ணு தூக்கி விட்டதும் தட்டு கவுறுத மாதிரி கவுந்துட்டு.

நீச்சல் தெரியாதான்னு கேக்கீங்க. இருபத்திரண்டு வருசம் கடலுக்கு அடியில கெடந்த மனுசன் தங்கச்சி. ஆனா அந்தக் காதுக்குத் தண்ணிக்குள்ள மேல எது, கீழ எதுன்னு தெரியல. மேல போறதா நெனச்சு கீழ கையப் போட்டிருக்காரு. காலுப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சப்போதான் வெளங்கிருக்கு. படகோட ராய்ஸ்டன் குடுத்த லைஃப் ஜாக்கெட்டு மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு உங்ககிட்ட உக்காந்து படகு வியாபாரம் பேச மாட்டேன். அதுதான் அவர மேல இழுத்துருக்கு. கவுந்த படகப் புடிச்சுக்கிட்டே கெடந்தாரு. கரைக்குத் திரும்புன வல்லத்துக்காரங்க தூக்கிட்டு வந்தாங்க. படகையும் கட்டி இழுத்துட்டு வந்து போட்டாங்க.

நான் ஓடி வந்து அந்தப் படகக் காலாலயே மிதிச்சேன். சனியனே, ஆளக் கொல்லப் பாத்துட்டியேன்னு கத்துனேன். ராய்ஸ்டனுக்குப் போனப் போட்டு கிழி கிழின்னு கிழிச்சேன். கவுறாதுன்னு சொல்லி எவன் தலையிலயோ கட்ட வேண்டியத எங்க தலையில கட்டிட்டியேன்னு கேட்டேன். பய பயந்து போயி சாயங்காலமே வந்துட்டான். ஊர்ல பாதிப் பேரு இங்க நிக்காங்க. அவன் படகப் பொரட்டிப் பாத்தான். மெழுகச் சொரண்டினான். செருப்புத் தக்கைய ஒண்ணு ஒண்ணாப் புடுங்கி மணல்ல போட்டான். போட்டுட்டு நிமிந்து, இத யாரு அடச்சதுன்னு கேட்டான்.

அப்பத்தான் தங்கச்சி எனக்கு வெளங்குச்சு. இவரு அன்னைக்கு சொன்னாரே கட்டுமரம் மாதிரின்னு, அது வெளங்குச்சு. எல்லாரும் என்னத்தான் பாக்குத மாதிரி இருந்துச்சு. ஒருத்தரும் பாக்கல, எனக்கு அப்படி இருந்துச்சு.

இவரு பூவரசப் புடிச்சுக்கிட்டு எழுந்தாரு. நாந்தாம்ல அடச்சேன், டவுசரு நனையுதேன்னு அடச்சேன், அப்படின்னாரு.

ராய்ஸ்டன் என்ன பேச்சு பேசுனான் தெரியுமா. நான் மூணு தடவ சொன்னேனே மாமா, தலையாட்டுனீங்களே, காதுலதான் ஏறல, மூளையிலயுமா ஏறலன்னான். தாய்மாமனப் பாத்து. கூட்டத்துல எவனோ சிரிச்சான். இன்னொருத்தன், காதோட சேந்து அதுவும் கசிஞ்சு போச்சு போலன்னான். இவரு தரையப் பாத்துக்கிட்டே நின்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு எட்டு. வாயத் தொறந்தா முடிஞ்சு போற காரியம். தொறக்கல. பதினெட்டு வருசமா ஊருப் புள்ளைங்களுக்கு, தப்பு செஞ்சா டீச்சர்கிட்ட சொல்லிரணும், பொய் சொன்னா இயேசப்பா அழுவாருன்னு சொல்லிக் குடுக்கவ நான்.

இனிமே மாமாவ நம்பிக் கடலுக்கு அனுப்ப முடியாது, சொன்னது வெளங்க மாட்டேங்குது, படக வித்துருவோம்னு ராய்ஸ்டன் முடிவு பண்ணான். எல்லாரும் அதுதான் சரின்னாங்க. நானும் சரின்னேன். அப்படித்தான் இந்தப் படகு வெலைக்கு வந்துச்சு, தங்கச்சி.

அன்னைக்கு வீட்டுல கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு. சோறத் தின்னுக்கிட்டே சொன்னாரு, ஒனக்கு எல்லாரு முன்னாலயும் தல குனிஞ்சு பழக்கம் இல்ல, எனக்குப் பழகிப் போச்சுன்னு. அவ்வளவுதான். மறு சோறு கேட்டாரு. நான் போட்டேன்.

இருபது நாளு ஆச்சு. அன்னையில இருந்து அங்கதான் உக்காந்திருக்காரு. உள்ள உக்காந்து செவுத்தப் பாத்தாரு முன்னால, இப்போ வெளிய உக்காந்து கடலப் பாக்காரு. எனக்கு இது அதவிட மோசமா இருக்கு. பால்வாடியில உருண்டை புடிக்கும்போது புடிச்சபடியே நிப்பேன், டீச்சரு என்னக்கான்னு கேப்பாங்க. தூக்கம் இல்லன்னு சொல்லிருவேன். யாருகிட்டயும் சொல்லல தங்கச்சி. தெரேசம்மாகிட்ட கூட சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னு எனக்கே தெரியல. நீங்க சாயங்கால பஸ்சுல போயிருவீங்க, அதுனாலயா இருக்கும்.

படகு நல்ல படகு. நான் பொய் சொல்லல. அதுல ஒரு கொறையும் இல்ல. ஓட்டய ஓட்டயா விட்டுட்டா எவ்வளவு தண்ணி ஏறுனாலும் எறங்கிரும், அகலத்துக்கு அது லேசுல கவுறாது. உக்காருத எடம் ஈரமாத்தான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. லைஃப் ஜாக்கெட்டக் கழட்ட விடாதீங்க. கவுந்தாலும் திரும்ப ஏறிரலாம், ராய்ஸ்டன் ஏறிக் காட்டுனான், முதுகுக்காரரு கரையோரமா முதல்ல பழகிக்கிடட்டும். உங்க வீட்டுக்காரருக்கு தாராளமா வாங்கலாம். ஆனா இத இல்ல.

கோவிச்சுக்காதீங்க. அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, சோறு இருக்கு, கொழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அந்த ரிசார்ட்டுல இன்னும் ரெண்டு கெடக்குன்னு சொன்னான், நானே சொல்லி வாங்கித் தாரேன். கொஞ்சம் பொறுங்க, அவனுக்குப் போனப் போடுதேன்.

ராய்ஸ்டன், அத்ததான். ம், அந்த அம்மா வந்துட்டாங்க, பக்கத்துலதான் இருக்காங்க. வெலையெல்லாம் ஒண்ணும் பேசல. நீ வண்டிய ஓரமா நிறுத்து, நிறுத்திட்டுக் கேளு. அந்தத் தக்கைய வச்சது உங்க மாமா இல்ல, நான். ஆமா. செருப்ப வெட்டுனதும் நாந்தான், மெழுகு ஊத்துனதும் நாந்தான். நீ சொன்னது எல்லாம் அவருக்கு நல்லா வெளங்கிருக்கு. அடைக்காதன்னு என்கிட்ட ரெண்டு தடவ சொன்னாரு. நீ என்ன இப்போ வையி, எவ்வளவு வேணும்னாலும் வையி. ஆனா ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் இங்க வா. அன்னைக்கு நின்ன அத்தன பேரையும் நான் கூப்புடுதேன். அவங்க முன்னாலதான் நீ உங்க மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீ கேக்குறதுக்கு முன்னால நான் கேப்பேன். அழுவாதல. அழுதுக்கிட்டே வண்டிய எடுக்காத. சரி, போன வை.

வச்சுட்டான்.

நீங்க கை கழுவிட்டு உக்காருங்க தங்கச்சி, தண்ணி அந்த வாளியில இருக்கு. நான் அவருகிட்ட போயிட்டு வந்து சோறு போடுதேன். நாளைக்குக் காத்து இல்லன்னு வல்லத்துக்காரங்க பேசிக்கிட்டாங்க. போகணுமா வேண்டாமான்னு அவருகிட்டயே கேக்கணும். இந்த நாலு வருசத்துல நான் அத ஒரு நாளும் அவருகிட்ட கேட்டதில்ல.